கலியபெருமாள் மாமாவின் கண்டக்டர்

மூன்று கிலோ எடையுள்ள ஒரு பெட்டியை வெயிலில் வாட்டி எடுப்பதற்காக நார்வேயிலிருந்து கடலூருக்கு வந்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் என்னை அனுப்பிவைத்த காரணம் அதுதான்.

பெர்கன் நகரத்தில் ஒரு மருந்தியல் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாக ஒரே ஒரு நொதியோடு குடித்தனம் நடத்துகிறேன். அதன் பெயர் கோலினெஸ்டரேஸ். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லி முடித்ததும் அந்தச் செய்தியைத் துடைத்துவிடுவது இதன் வேலை. மறதி நோய்க்காரர்களுக்குச் செய்தியே குறைவாக வருவதால், இது துடைக்கிற வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்த மாத்திரை கொடுக்கிறார்கள். வயலில் அடிக்கிற சில பூச்சி மருந்துகளோ இதை அடியோடு முடக்கிவிடும். ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, இந்த நொதி உடம்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் கருவிதான் எங்கள் பெட்டி. மருந்து தெளிப்பவர்களுக்கு ஆபத்து வருவதற்கு முன்னால், வரப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அதன் லட்சியம். அதற்கு முதலில் அது நம் ஊர் வெயிலைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

"உங்கள் ஊர் எவ்வளவு சூடு?" என்று கேட்டார் ஆய்வகத் தலைவி. சொன்னேன். "பிரமாதம். கொண்டுபோய் அங்கே அவித்து எடுத்துக்கொண்டு வா" என்றார். நார்வேக்காரர்கள் நகைச்சுவையையும் வானிலை அறிக்கை மாதிரிதான் சொல்வார்கள்.

கடலூர் பஸ் நிலையத்தில் கலியபெருமாள் மாமா என் அம்மாவின் ஒரே தம்பி என்கிற முழு உரிமையோடு நின்றிருந்தார். பக்கத்தில் தனம் அத்தை. மாமா முப்பது வருடம் கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ் ஓட்டியவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். இப்போது சட்டை, கொடியில் காய்வதுபோல் அவர் மேல் தொங்கியது. இரண்டு வருடமாக மறதி என்று தெரியும். இவ்வளவு இளைத்திருப்பதை யாரும் சொல்லவில்லை.

"மலரு, மழ பெய்யிதா உங்கூர்ல?" என்றார்.

"பெய்யிது மாமா."

ஆட்டோவில் ஏறியதும் அதையே கேட்டார். வீட்டு வாசலிலும் கேட்டார். பெர்கனைப் பொறுத்தவரை மூன்று தடவையும் பதில் சரி என்பதால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அத்தை முதுநகர் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி சங்கரா மீன் வாங்கிவைத்திருந்தார். பெர்கனில் மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, உருளைக்கிழங்கோடு பரிமாறி, இயற்கையான ருசி என்பார்கள். இயற்கையிடம் இவ்வளவு குறைவாகத்தான் ருசி இருக்கிறது என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. குழம்பை ஒரு வாய் வைத்ததும் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பாதி காரம், பாதி சந்தோஷம்.

மாமா தட்டைத் தள்ளிவைத்தார். "இப்பத்தான சாப்ட்டேன்."

"காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல" என்றார் அத்தை. "எது குடுத்தாலும் கொமட்டுதுன்றாரு. வயிறு வேற நிக்க மாட்டேங்குது. போன மாசம் ரெண்டு வாட்டி மயங்கி வுழுந்துட்டாரு. வியாதி முத்திடுச்சாம். உங்கிட்ட சொல்றதுக்கு என்னா, மெட்ராஸ்ல ஒரு ஹோமு பாத்துட்டான் எம்மவன். அடுத்த மாசம் கொண்டுபோய் வுடணுமாம். என்னால ஒத்தையாத் தூக்க முடியலடி."

என்ன மாத்திரை என்று கேட்டேன். அத்தை மஞ்சள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். எனக்கு நன்றாகத் தெரிந்த மருந்து. அளவும் சரி. சிலருக்குக் குமட்டும், பழகிவிடும் என்று மெத்தப் படித்தவளாகத் தலையாட்டிவிட்டுக் கை கழுவினேன்.

மறுநாள் சிதம்பரம். என்னோடு வேலை செய்யப்போகிற ரோஸ்லின் அங்கேதான் நர்ஸாக இருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"அந்த ரூட்ல என்னைய வுட்டுட்டுப் போவியா நீ?"

சிதம்பரம் கோயிலில் ஆனித் திருமஞ்சனத்துக்கு முந்தைய வாரம். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஆனால் ஓட்டுநர் மாமாவைப் பார்த்ததும், "அண்ணே, வாங்கண்ணே" என்று தனக்குப் பின்னால் இருந்த சீட்டைக் காலி செய்ய வைத்தார். அந்த மரியாதையின் நிழலில் எனக்கும் பெட்டிக்கும் அரை சீட்டு கிடைத்தது.

வண்டி நகர்ந்ததும் மாமா ஆரம்பித்தார். "முதுநகர், பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம், காரைக்காடு, பூண்டியாங்குப்பம், ஆலப்பாக்கம்…" காலையில் இட்லி சாப்பிட்டோமா இல்லையா என்று தெரியாதவருக்கு ஸ்டாப்புகள் வரிசை தப்பாமல் வந்தன. செம்மங்குப்பத்தில் கம்பெனி ஆட்கள் இறங்கும்போது, யார் எந்த ஷிப்ட் என்று சட்டையைப் பார்த்தே சொன்னார். ஆலப்பாக்கத்துக்கு மேல் மட்டும் போகவில்லை. "அப்பறம் சொல்றேன், அசதியா கீது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பூண்டியாங்குப்பம் தாண்டி டயர் படீரென்றது. நார்வேயில் பஸ் நின்றால் எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு மௌன விரதம் இருப்பார்கள். இங்கே ஐந்தே நிமிடத்தில் எதிர்க் கடையில் மசால் வடை தீர்ந்துபோனது. நான் ஒரு வெளிநாட்டு உளவாளி என்றும் என் பெட்டி ஓட்டு மெஷின் என்றும் ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா டயர் பக்கத்தில் குந்தி, "ஜாக்கிய அங்க வெக்காத, மண்ணு எளகும். கல்ல வெச்சு அதும்மேல வை" என்றார். ஓட்டுநர் அப்படியே செய்தார். வண்டி ஏறியது. மாமா எழுந்தார், அப்படியே சரிந்தார். நானும் ஓட்டுநரும் பிடித்துக்கொண்டோம்.

டீக்கடை பெஞ்சில் சோடா குடிக்கவைத்தோம். அவரைத் திசைதிருப்ப என் வேலையைப் பற்றிப் பேசினேன். நொதி, நரம்பு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. "மாமா, ஸ்டாப் வந்ததும் ஆளுங்களை எறக்கி வுடுறது யாரு?"

"கண்டக்டரு."

"அவரு தூங்கிட்டா?"

"எறங்க வேண்டியவன் எறங்க மாட்டான், ஏற வேண்டியவன் ஏற முடியாது. வண்டி அங்கியே நிக்கும்."

"நான் ஆராய்ச்சி பண்றது அந்தக் கண்டக்டரைத்தான்."

மாமாவுக்குத் திருப்தி. "ஏரோப்ளேன் ஏறிப்போயி கடைசில கண்டக்டரப் பாக்கறதுதான் வேலையா!" என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் அறிவித்தார்.

சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்றால் நானும் ரோஸ்லினும். கொத்சுவில் மிதந்த நல்லெண்ணெயைப் பார்த்துக்கொண்டே மாமா எழுந்துபோய்க் குழாயடியில் குமட்டிவிட்டு வந்தார். குள்ளமாக, வேகமாக, கையில் எப்போதும் பிளாஸ்திரி ரோலோடு இருக்கும் ரோஸ்லின், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சிதம்பரத்தை அடுத்த குமராட்சி. மாமாவும் கூடவே கிளம்பிவிட்டார். மினி பஸ்ஸில் எங்களோடு இரண்டு மூட்டை யூரியாவும் ஒரு கோழியும் வந்தன. சமுதாயக் கூடத்தில் மருந்து தெளிக்கும் ஆட்கள் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். குறுவைக்கு மருந்து அடிக்கிற சமயம். தெளிப்பான் டேங்க்கை முதுகிலிருந்து இறக்காமலே ஒருவர் நின்றார். ரத்தம் என்றதும் கூட்டம் சுவரோரம் ஒதுங்கியது.

"ஒரு சொட்டுதாண்ணே" என்றார் ரோஸ்லின்.

"ஒரு சொட்டுன்னுதான் ஆரம்பிப்பீங்க" என்றார் அவர்களில் மூத்தவரான ராஜவேலு. பாம்பையே வாலைப் பிடித்துத் தூக்கி வீசுகிறவர் என்று பிறகு சொன்னார்கள்.

மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விரலை நீட்டினார். "எனக்குக் குத்து பாப்பா. பயந்தாங்கொள்ளிங்க பாக்கட்டும்."

குத்தினோம். நான்கு நிமிடம். மாத்திரை சாப்பிடுகிறவர், அதனால் குறைவாகக் காட்டும் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, எண் கீழே போய்க்கொண்டே இருந்தது. அந்த மாத்திரையின் அளவுக்கு இவ்வளவு இறங்கக் கூடாது.

பெட்டி அவிந்துவிட்டது என்று நினைத்தேன். என் விரலைக் குத்திக்கொண்டேன், சரியாக இருந்தது. ரோஸ்லின், சரி. அதைப் பார்த்து ராஜவேலுவும் ரோஷப்பட்டு வந்தார், கொஞ்சம் குறைவு. அவருக்கு ஒரு வாரம் டேங்க்கைத் தொடக் கூடாது என்று சொல்லி, டாக்டருக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தோம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மொத்தக் கூட்டத்திலும் அடிமட்டம் எங்கள் மாமாதான்.

"பெரியவரே, எங்களுக்குத் தெரியாம எத்தினி ஏக்கரு அடிச்சீங்க?" என்று ராஜவேலு கேட்க, கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ரோஸ்லின் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நாடி நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

நான்காம் நாள் எங்கும் போகவில்லை. கடலூர் வீட்டில் துப்பறிந்தேன். கொசுவத்தி, எறும்புப் பொடி, எலி மருந்து, மாடித் தோட்டத்துச் செடிகள் என்று ஒவ்வொன்றின் லேபிளையும் படித்தேன். காய்கறிக் கூடையை முகர்ந்து பார்த்தபோது அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நாப்பது வருசமா ஒல வெக்கிறேன். எங்காய்ல வெசம் இருக்குன்றியா?"

"இல்லத்தை…"

"அப்ப கூடைய வுடு."

உண்மையைச் சொல்வதானால், பயந்துபோயிருந்தேன். இந்த நொதியைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவள். என் மாமாவின் உடம்பில் அது எங்கே போயிற்று என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மத்தியானம் ரோஸ்லின் போன் செய்தார்.

"அக்கா, வீட்ல என்ன மாத்திர குடுக்கறாங்கன்னு கேட்டீங்களா?"

"முதல் நாளே கேட்டேன். அட்டையைப் பாத்தேன்."

"அப்பிடிக் கேக்கக் கூடாதுக்கா. எத்தினி பை இருக்குன்னு கேளுங்க. வார்டுல நாங்க அப்பிடித்தான் கேப்போம். மாத்திரன்னு கேட்டா ஒண்ணு காட்டுவாங்க. பையின்னு கேட்டாத்தான் எல்லாம் வரும்."

அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தை, மாமாவோட மருந்துப் பை எத்தினி இருக்கு?"

முறம் நின்றது. அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்துபோய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு துணிக்கடைப் பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். உள்ளே வேறு அட்டை. வேறு பெயர், வேறு நிறம். கீழே பொடி எழுத்தில் மருந்தின் உண்மையான பெயரைப் படித்தேன். அதே மருந்து.

"இது எங்கேர்ந்து?"

"சிதம்பரத்து டாக்டரு குடுத்தது. அந்த மஞ்சப்பை, சம்பந்தி வூட்டு டாக்டரு குடுத்தது."

விஷயம் இதுதான். அத்தையின் மகள் சுமதியைக் கட்டிக்கொடுத்த வீட்டில், மாப்பிள்ளையின் அண்ணன் கடலூரிலேயே டாக்டர். முதலில் அவரிடம்தான் காட்டினார்கள். பிறகு சென்னையிலிருக்கும் மகன் விசாரித்து, சிதம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள். இரண்டு பேர் எழுதியதும் சரி. ஆனால் வேறு இடத்தில் காட்டினோம் என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால்? நம்ம பையன் கைராசியில நம்பிக்கை இல்லையா என்று பேச்சு வரும். அதனால் அங்கே போகும்போது மஞ்சள் பை, சிதம்பரம் போகும்போது துணிக்கடைப் பை. சம்பந்தி டாக்டர் கேட்டால், சாப்பிடாததைச் சாப்பிடுகிறார் என்று பொய் சொல்லக் கூடாதே என்று, அதையும் அத்தை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஆறு மாதமாக.

"எம்பொண்ணு அங்க வாழுதுடி" என்றார் அத்தை. "நான் என்னா பண்ணுவேன்?"

என்ன நடந்திருக்கிறது என்று சொன்னேன். குமட்டல், வயிற்றுப்போக்கு, மயக்கம், நாடி இறங்கியது, எல்லாமே இரட்டை மருந்தால் வந்திருக்கலாம், வியாதி முற்றியதால் இல்லை என்று. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. முதல் நாள் ஒரு அட்டையைப் பார்த்துத் தலையாட்டியவள் நான்தானே. ஊஞ்சலில் இருந்த மாமா, "யாருக்கு என்னா ஆச்சு?" என்றார்.

"உங்க கண்டக்டரை ரெண்டு பேரு சேந்து தூங்க வெச்சிட்டாங்க மாமா."

"எழுப்பி வுடுங்க, வண்டி நிக்கிதில்ல" என்றார்.

நான் டாக்டர் பட்டம் வாங்கியவள்தான், வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. எந்த மாத்திரையை நிறுத்துவது என்று என் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு இப்போதே சம்பந்தி வீட்டு டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். அத்தைக்கு உலகமே இருண்டது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பண்ருட்டிப் பலாப்பழத்தையும் ஆட்டோவில் ஏற்றினார். நான், மாமா, அத்தை, பலாப்பழம், இரண்டு பைகள். என் கால் ஆட்டோவுக்கு வெளியே இருந்தது. திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட் மூடியிருந்த அந்தப் பத்து நிமிடமும் அத்தை, பாடலீஸ்வரர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டர் நாற்பது வயதுக்காரர். அத்தை இரண்டு பையையும் மேஜையில் கவிழ்த்தார். அவர் ஒரு அட்டையைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். முகம் மாறியது. உடனே மாமாவைப் படுக்கவைத்து நாடி பார்த்து, இசிஜி எடுத்தார்.

"ரெண்டு மாத்திரையும் இன்னியோட நிறுத்துங்க. நாலு நாள் இங்கியே இருக்கட்டும், நாடிய நான் பாத்துக்கறேன். அப்பறம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கம்மியா ஆரம்பிப்போம்" என்றார். அங்கேயே சிதம்பரத்து டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். "ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

அத்தை தரையைப் பார்த்தபடி, "மனஸ்தாபம் ஆயிடுமோன்னுதான் தம்பி" என்றார்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "எங்கம்மா சுகருக்கு எங்கிட்டயே மாத்திர வாங்கிக்கினு, எனக்குத் தெரியாம பாண்டிச்சேரில வேற டாக்டருகிட்ட காட்டறாங்க. பீரோவுல பொடவைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க. பெத்த புள்ள நானே கேக்க முடியல, நீங்க எங்க சொல்லப்போறீங்க!"

"சம்பந்தியம்மாவா?" என்றார் அத்தை. ஆறு மாதத்துப் பாரம் அந்த ஒரு கேள்வியில் இறங்கிவிட்டது. அங்கேயே பலாப்பழத்தை அறுக்கச் சொன்னார்.

அடுத்த ஒரு வாரம் நானும் ரோஸ்லினும் குமராட்சிக்குப் போய்வந்தோம். பெட்டி தூசியில் நின்றது, வெயிலில் நின்றது. மினி பஸ்ஸில் கோழி மேலே ஏறி உட்கார்ந்தபோதும் நின்றது. ராஜவேலுவின் நொதி மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. ரோஸ்லின் சொல்லித்தந்ததை எங்கள் படிவத்தில் முதல் கேள்வியாகச் சேர்த்தேன்: வீட்டில் மருந்துப் பை எத்தனை? பெர்கனுக்கு அனுப்பியபோது தலைவி திருப்பி எழுதினார்: "பை என்றால் என்ன அளவு பை?" விளக்கம் எழுத ஒரு மாலை முழுக்க ஆனது.

மாமா உடனே தேறிவிடவில்லை. அந்த மருந்து ஆற அமரத்தான் உடம்பைவிட்டு இறங்கும். ஐந்தாம் நாள் மோர் கேட்டார். ஏழாம் நாள் இரண்டு இட்லி. கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி விரலைக் குத்தினோம். சிவப்பு விளக்கு எரியவில்லை. அத்தை பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சென்னைக்குப் போன் போட்டு, "ஹோமும் வேணாம் ஒண்ணும் வேணாம், உங்கப்பா இங்கியே இருப்பாரு" என்று மகனிடம் சொன்னதைத் தெருவே கேட்டது. டிரம்முக்குப் பின்னால் இப்போது எதுவும் இல்லை. ஒரே ஒரு பை, கூடத்து ஆணியில், சம்பந்தி வந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கியது.

பஸ் நிலையத்தில் மாமா என் பெட்டியை ஒரு கையால் தூக்கிவைத்தார். "முதுநகர், பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம், காரைக்காடு, பூண்டியாங்குப்பம், ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், பி.முட்லூர், சிதம்பரம்! எறங்கு எறங்கு!" என்றார். நான் போவது எதிர்த்திசையில், சென்னைக்கு. அதைச் சொல்லவில்லை. மறதி போகவில்லை, போகவும் போகாது. அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

பெர்கனில் வந்து இறங்கிய மூன்றாம் நாள், குடையோடு நின்றுகொண்டிருந்தபோது அத்தை கூப்பிட்டார். குரல் எட்டு ஊருக்குக் கேட்டது.

"மலரு, உங்க மாமனோட ரோதன தாங்கலடி! இப்பத்தான் வயிறு முட்ட மீன் கொழம்பு சாப்ட்டாரு. கை ஈரம் காயல. இன்னும் சோறே போடலன்னு தட்டெடுத்துக்கினு வந்து ஒக்காந்திருக்காரு!"

"சாப்ட்டத மறந்துட்டாரு அத்தை. சொல்லிப் பாருங்க."

"எதுக்குச் சொல்லணும்? மறந்தா மறந்துட்டுப் போறாரு" என்றார் அத்தை. "பசிக்குதுன்னு கேக்கறாருடி. நீ போன வை, நான் சோறு போடணும்."